ஒன்றரை ஷிப்ட் மார்க்சியம்

கார்ல் மார்க்ஸ் உட்கார்ந்து எழுதுவதற்குப் படியளந்தது ஒரு நூல் கம்பெனி. மான்செஸ்டரில் இருந்த 'எர்மன் அண்ட் எங்கெல்ஸ்'. தையல் நூல் வியாபாரம். அங்கே ஆபீஸ் பார்த்தவர் பிரெடரிக் எங்கெல்ஸ். 1869 வரை அவருக்குப் பகலில் பஞ்சு விலை, ராத்திரியில் புரட்சி. நூல் விற்ற காசில் ஒரு பங்கு லண்டனுக்குப் போனது. அந்தக் காசில் அடுப்பெரிந்த வீட்டிலிருந்து 1867-ல் 'மூலதனம்' முதல் தொகுதி வெளிவந்தது. வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு மூக்கில் விரல் வைக்கலாம். திருப்பூர், காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காலையில் கம்பெனி, சாயங்காலம் கொள்கை என்று வாழ்கிறவர்களை அவர் தெருவுக்கு நாலு பேர் பார்த்திருக்கிறார். வித்தியாசம் ஒன்றுதான். எங்கெல்ஸ் லாபத்தைக் கொள்கைக்குக் கொடுத்தார். இங்கே கொள்கையை லாபத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு நூற்றைம்பது வருஷமாக உரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ரஷ்ய உரை வந்தது. சீன உரை வந்தது. முசோலினியின் சிறையில் கிராம்சி எழுதிய குறிப்புகள் பல்கலைக்கழக வகுப்பறைக்கு வந்தன. நவ மார்க்சியம், பின் மார்க்சியம், சூழலியல் மார்க்சியம் எல்லாம் வரிசையாக வந்தன. கோயமுத்தூர் புத்தகக் கடை வரைக்கும் ஒன்று பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தன. எட்டு மணி நேர வேலை மட்டும் இன்னும் காங்கேயம் வந்து சேரவில்லை.

காலையில் காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் எந்த முக்கில் நின்றாலும் பனியன் கம்பெனி வேன் வரும். தூக்குப்போசியும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். "இன்னைக்கு ஒண்ணுங்களாக்கா, ஒன்றரைங்களா?" என்று ஒருத்தி கேட்பாள். ஒன்று என்றால் எட்டு மணி நேரம். ஒன்றரை என்றால் பன்னிரண்டு. எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி ஒன்பது. சனிக்கிழமை காண்ட்ராக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுப்பார். பேருக்கு நேராக ஆறு கட்டம். ஆறிலும் 1½. கூட்டினால் ஒன்பது ஷிப்ட். ஒன்பது ஷிப்ட்டுக்கான பணம் கைக்கு வரும். ஒரு ரூபாய் பிசகாது. மனுஷன் நாணயஸ்தன்.

இப்போது சட்டத்தின் நோட்டைத் திறப்போம். 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வைத்த கணக்குப்படி வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம். நாளுக்கு 12 மணி, வாரம் ஆறு நாள் என்றால் 72 மணி. கூடுதலான 24 மணிக்கு இரட்டிப்பாக 48. மொத்தம் 96 மணி நேரச் சம்பளம். எட்டால் வகுத்தால் 12 ஷிப்ட். கைக்கு வந்தது 9. மீதி 3 எங்கே? 'மூலதனம்' மூன்று தொகுதிகள். படிக்க நேரமில்லாதவர்களுக்கு இந்த மூன்று ஷிப்ட் போதும். அத்தனை பக்கத்திலும் அந்த மனிதர் தேடியது இதைத்தான்.

அந்தப் புத்தகத்தில் வேலை நாளைப் பற்றி நெடிய அத்தியாயம் ஒன்று உண்டு. அதில் தத்துவத்தை விட, இங்கிலாந்து அரசின் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்கள் கொடுத்த அறிக்கைகள் அதிகம். சாப்பாட்டு நேரத்தில் மில் முதலாளி எத்தனை நிமிஷம் திருடினான் என்று அந்த அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அப்படி எழுதிய லெனார்ட் ஹார்னர் என்ற இன்ஸ்பெக்டரை மார்க்ஸ் மனம் திறந்து பாராட்டியிருக்கிறார். மில்லில் பெண்களுக்கும் சிறார்களுக்கும் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 1847-ல். விக்டோரியா ராணி ஆண்ட காலம். நம்மூர் காண்ட்ராக்டரின் நோட்டு அதற்கும் முந்திய யுகத்தில் இருக்கிறது. நம்மூர் ஆய்வு அறிக்கைகளை நம்பி ஒருவர் இன்று 'மூலதனம்' எழுத உட்கார்ந்தால் முன்னுரையோடு எழுந்துவிடுவார். ஆடிட் வருகிற நாளில் முதலுதவிப் பெட்டி நிறைந்திருக்கும். கக்கூஸ் கழுவியிருக்கும். ரெஜிஸ்டர் இரண்டு இருக்கும். ஒன்று ஆடிட்டருக்கு, மற்றது நிஜத்துக்கு.

இந்த மூன்று ஷிப்ட்டைக் கேட்க வேண்டியவர்கள் செங்கொடிக்காரர்கள். அவர்கள் உரை எழுதுவதில் மும்முரமாக இருந்துவிட்டார்கள்.

காங்கேயத்தை ஒட்டிய சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. பக்தர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பூ போட்டுக் கேட்டு உத்தரவானால், அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறும். அடுத்த கனவு வரைக்கும் அதுதான். மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது, மஞ்சள் இருந்திருக்கிறது. பழையது ஏன் இறங்கியது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, "அதான் அப்பவே பெட்டியில வெச்சிருந்தாங்களே" என்று பொருள் சொல்வார்கள். இந்தியாவில் மார்க்சியம் நடந்து வந்த பாதையும் இதேதான். 1939-ல் பெட்டிக்குள் 'ஏகாதிபத்திய யுத்தம்'. 1941-ல் ஹிட்லர் ரஷ்யாவுக்குள் நுழைந்தான். அதே யுத்தம் 'மக்கள் யுத்தம்' ஆகிவிட்டது. 1948-ல் ஆயுதப் புரட்சி. 1951-ல் ஓட்டுப் பெட்டி. 1964-ல் கட்சியே இரண்டு. தேசிய முதலாளி நண்பனா, பகைவனா என்பது சண்டையில் ஒரு பெரிய பங்கு. இவர்கள் அவரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் திருப்பூரில் பனியன் தைத்து வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். 1975-ல் இந்திரா காந்தி எமர்ஜென்சி கொண்டுவந்தார். அதிலும் ஒரு முற்போக்கு அம்சத்தைக் கண்டுபிடித்து ஆதரித்தது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. 1978-ல் பட்டிண்டா மாநாட்டில் அது தவறு என்றார்கள். சிவன்மலையில் கனவு காண ஒரு பக்தர் போதும். இங்கே அதற்கு ஒரு மத்தியக் கமிட்டி தேவைப்பட்டது.

இவர்கள் கோழைகள் என்றால் நமக்கு இத்தனை ஆத்திரம் வராது. சிரித்துவிட்டுப் போயிருப்போம். 1946 ஜனவரி 8-ம் தேதி கோவைச் சிறையில் சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறைக்குள் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் 22 பேர். இவர்களில் எத்தனை பேர் 'மூலதனம்' படித்திருப்பார்கள்? மில் கேட்டில் நின்றவனுக்கு உரை தேவைப்படவில்லை. மூலமே போதுமானதாக இருந்தது. அந்தச் சாவுகளை முதலாகப் போட்டு வட்டி வாங்கிப் பிழைத்தவர்கள் பின்னால் வந்த உரையாசிரியர்கள்.

கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையைத் தமிழில் அச்சுப்போட்ட ஊர் ஈரோடு. இங்கிருந்து கூப்பிடு தூரம். 1931-ல் பெரியாரின் 'குடி அரசு' அதை வெளியிட்டது. 1932-ல் பெரியார் ரஷ்யா போய் வந்தார். 1923-ல் சென்னைக் கடற்கரையில் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய சிங்காரவேலரும் அவரும் சேர்ந்து ஈரோட்டுத் திட்டம் போட்டார்கள். சாதியும் வர்க்கமும் ஒரே மேசைக்கு வந்தன. வெள்ளைக்கார சர்க்கார் முறைத்தது. சில வருஷத்தில் மேசை உடைந்தது. பெரியார் ஒரு பக்கம் போனார், பொதுவுடைமை பேசிய ஜீவா ஒரு பக்கம் போனார். சாதி ஒருவர் பங்குக்கு, வர்க்கம் மற்றவர் பங்குக்கு. நேர்த்தியான பாகப்பிரிவினை. அருந்ததியர் தெருவிலிருந்து வேலைக்கு வந்தவனிடம் யாரும் கேட்கவில்லை. அவனுக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் வலித்தது.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலி உயர்வு கேட்டதற்காக எரித்தார்கள் என்றது ஓர் உரை. கேட்டவர்கள் சேரிக்காரர்கள் என்பதற்காக எரித்தார்கள் என்றது இன்னோர் உரை. உயர் நீதிமன்றம் மூன்றாவதாக ஓர் உரை எழுதியது. இவ்வளவு வசதியான மிராசுதாரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று அதற்கு நம்பிக்கை வரவில்லை. 1973-ல் விடுதலை. மார்க்சிஸ்ட் கட்சியின் முயற்சியில் தமிழ்நாட்டில் தீண்டாமை ஒழிப்பு முன்னணி தொடங்கியது 2007-ல். அடுத்த வருஷமே உத்தப்புரம் தீண்டாமைச் சுவரில் ஓட்டை விழுந்தது. மெச்ச வேண்டிய காரியம். மெச்சிவிட்டு ஒரு கழித்தல் கணக்கும் போடுவோம். வெண்மணிக்கும் முன்னணிக்கும் நடுவே 39 வருஷம். அத்தனை வருஷமும் டீக்கடையில் தனி டம்ளரில் குடித்தவன் எந்த வர்க்கம் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லையா, தோழர்?

உலகத் தரமான உரை ஒன்று திருப்பூரில் எழுதப்பட்டது. அதை எழுதியது கட்சியல்ல. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரே நின்றது. முதலாளி அந்த 127 நாளில் பாடம் படித்தார். ஒரே கூரைக்குள் ஐந்நூறு பேர் இருந்தால்தானே சங்கம்? கம்பெனியைத் துண்டு துண்டாக்கினார். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், கட்டிங் ஓரிடம், பவர் டேபிள் ஓரிடம், செக்கிங் வேறிடம். எல்லாவற்றுக்கும் நடுவில் காண்ட்ராக்டர். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளுக்குப் பஞ்சப்படி ஏது? சங்கம் கொடியோடு கேட்டுக்கு வந்தது. "எங்க கம்பெனியில ஆளே இல்லைங்க, எல்லாம் காண்ட்ராக்ட்டுங்க" என்றார் மேனேஜர். வர்க்கத்தை ஒழிப்பேன் என்றார்கள் இவர்கள். ஒழித்துக் காட்டியவர் அவர்.

இந்த முதலாளிகள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து கம்பெனிக்கு வந்து, மிஷினில் உட்கார்ந்து, பிறகு கம்பெனி வைத்தவர்கள். சரத் சாரி என்ற ஆய்வாளர் இவர்களைப் பற்றி 2004-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால் இவர்கள் சொல்கிற பதில் ஒன்றே ஒன்று. பாடுபட்டோம். "நானும் கைமடியா வந்தவன்தானுங்க. ராத்திரி பகல் பார்க்கலைங்க. பாடுபட்டா யாரு வேணா முதலாளி ஆகலாமுங்க." மதிப்பை உண்டாக்குவது உழைப்பு என்றார் மார்க்ஸ். முதலாளி அதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது அவருடைய உழைப்பு. அதுவும் முப்பது வருஷத்துக்கு முந்தியது. இன்றைக்கு எதிரே உட்கார்ந்து ஓவர்லாக் அடிக்கிறவள் செய்வது உழைப்பில்லை, 'லேபர் காஸ்ட்'. யார் வேண்டுமானாலும் ஆகலாம் என்பதிலும் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. அடமானம் வைக்கத் தோட்டம் இருந்தவனுக்கு, கடன் கொடுக்கப் பங்காளி இருந்தவனுக்கு, பாடு மூலதனமானது. அந்தத் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவனுக்குப் பாடு கடைசி வரை பாடாகவே நின்றது.

உள்ளூர்தான் இப்படி என்று வருத்தப்பட வேண்டாம். மேற்கு வங்கத்தில் 34 வருஷம் இடது முன்னணி ஆண்டது. நந்திகிராமில் ரசாயனத் தொழிற்பேட்டைக்கு நிலம் தரமாட்டோம் என்று விவசாயிகள் நின்றார்கள். 2007 மார்ச் 14-ல் போலீஸ் சுட்டு 14 பேர் செத்தார்கள். உழுபவனுக்கே நிலம் என்பதற்கு ஆறடி என்று அளவு குறித்துக் கொடுத்தது தொழில் வளர்ச்சி உரை. சீனாவில் 2001-ல் முதலாளிகளும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேரலாம் என்று கதவைத் திறந்தார்கள். 2018-ல் மார்க்ஸின் 200-வது பிறந்த நாளுக்கு அவர் பிறந்த டிரியர் நகரத்துக்குப் பிரம்மாண்டமான வெண்கலச் சிலை ஒன்றைச் சீனா அன்பளிப்பாக அனுப்பியது. அதே 2018-ல் ஷென்சென் பகுதியில் ஜாசிக் கம்பெனித் தொழிலாளர்கள் சங்கம் வைக்கக் கேட்டார்கள். பீக்கிங் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களிலிருந்து மார்க்சிய மாணவர்கள் ஆதரவுக்குப் போனார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மார்க்ஸுக்குச் சிலை, மார்க்ஸைப் படித்தவனுக்கு லாக்கப்.

நேர்மையாக மறுபடி யோசித்தவர்களும் உண்டு. நம் பக்கத்திலேயே உண்டு. கோவை ஞானி, இந்த மண்ணுக்கும் மொழிக்கும் பொருந்துகிற தமிழ் மார்க்சியத்தைத் தேடினார். கண்பார்வை போன பிறகும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சொல்லி எழுதவைத்து, பத்திரிகை நடத்தினார். எஸ்.என்.நாகராசன் கீழை மார்க்சியம் என்றார். ஐரோப்பாவின் இயந்திர மோகத்தையும் சேர்த்து இறக்குமதி செய்யாதீர்கள் என்றார். கட்சிகள் இவர்களுக்கு வைத்த பெயர் 'திரிபுவாதி'. மூலத்தைத் திருத்த யோசித்தவன் திரிபுவாதி. மூலத்தை விற்றவன் தலைவர்.

நாகராசன்கள் சொன்னது எங்கே உண்மையானது என்று பார்க்க வேண்டுமா? காங்கேயத்துக்கு வடக்கே ஒரத்துப்பாளையம் போங்கள். விவசாயத்துக்கென்று நொய்யலில் 1992-ல் அணை கட்டினார்கள். திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயியே கோர்ட்டில் நிற்க வேண்டி வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். வேலை போகிறதே என்று தொழிலாளி கலங்கினான். முதலாளியும் தொழிலாளியும் ஒரே கரையில் நின்றார்கள். எதிர்க் கரையில், உப்பேறிய கிணற்றோடு விவசாயி. கொடியில் அரிவாளும் சுத்தியலும் சேர்ந்தே இருக்கின்றன. நொய்யலில் அரிவாள் ஒரு கரை, சுத்தியல் மறு கரை.

இனித் திமுகவோடு கூட்டணி மார்க்சியம். 2023 ஏப்ரல் 21-ல் தமிழக சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேறியது. விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்றது அரசு. ராத்திரி ஒன்றரை வேண்டாம் என்று சொன்னவளுக்கு மறுநாள் ஒன்றும் கிடையாது என்பது வேன் டிரைவருக்குத் தெரியும், அமைச்சர்களுக்குத் தெரியாது. தோழர்கள் வெளிநடப்பு செய்தார்கள். எதிர்ப்பு பலத்தது. மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் முதல்வர் அதை வாபஸ் வாங்கினார். கைதட்டல். திருத்தம்தான் வாபஸ் ஆனது. வழக்கம் அப்படியே இருந்தது. 2024-ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் பதியக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் உட்கார்ந்தார்கள். பந்தலைப் பிரித்தது திமுக அரசின் போலீஸ். உட்கார வைத்தது கூட்டணிக் கட்சியின் சங்கம். அந்தத் தொழிலாளிகள் உறுதியாக நின்றதால் சங்கம் பதிவானது. கூட்டணியும் உறுதியாகவே நின்றது.

உறுதிக்குக் காரணம் தேட வேண்டாம். தேர்தல் கமிஷனில் கணக்காகவே இருக்கிறது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் திமுக தன் தோழமைக் கட்சிகளுக்குக் கொடுத்த தொகை: இந்தியக் கம்யூனிஸ்ட்டுக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட்டுக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி. தேர்தல் செலவுக்கு, வங்கி வழியாக, வெள்ளைப் பணம் என்றார்கள். இருக்கட்டும். பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். இந்தியக் கம்யூனிஸ்ட்டின் உலகத் தொழிலாளர் ஒற்றுமைக்கு 15. கொங்குச் சமூகத்தின் ஓட்டுக்கு 15. சாதி முக்கியமா, வர்க்கம் முக்கியமா என்று தொண்ணூறு வருஷமாக நடந்த கருத்தரங்கத்தை ஒரே ரசீதில் முடித்து வைத்தார்கள். இரண்டும் ஒரே விலை.

இப்போது 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. 29 சட்டங்களைச் சுருட்டி நாலாக்கியிருக்கிறார்கள். எதிர்த்துக் கருத்தரங்கம் நடக்கும். நவதாராளமயம், உபரி மதிப்பு, பாசிசம் என்று மூன்று அமர்வுகள். நடுவே சாப்பாடு. பழைய சட்டத்தில் இரட்டைச் சம்பளம் இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. பழையதில் கொடுக்காதவர்கள் புதியதில் கொடுக்க என்ன ஏற்பாடு என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டால், நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொள்வார்கள்.

கேட்க வேண்டியவளுக்குக் கருத்தரங்கத்துக்கு வர நேரமில்லை. இன்றைக்கும் ஒன்றரை. அவளுக்கு ரஷ்ய உரை வேண்டாம், சீன உரை வேண்டாம், கூட்டணி உரையும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று ஷிப்ட் பாக்கி இருக்கிறது. எந்த மார்க்சியத்தின் பேரைச் சொல்லி வேண்டுமானாலும் அதை வாங்கிக் கொடுங்கள். முடியாதென்றால் கொடியை மடித்து வையுங்கள். துணியின் அருமை தெரிந்த ஊர் இது.